உள்நாக்கும் உறக்கமும்

 

நோன்புப் பெருநாளுக்குப் பின் வந்த இரண்டு இதழ்களில் இப்பகுதி இடம்பெறவில்லை. காரணம் கேட்டுப் பலர் மடல் எழுதியிருந்தீர்கள். சிலர் நேரிலும் வந்து நலம் விசாரித்தீர்கள். "தொண்டையில் ஒரு சிறு அறுவை சிகிச்சை" என்று மட்டும் சொல்லி வைத்தேன். முழுக் காரணத்தையும் சொல்ல நாணமாக இருந்தது. நான்கு மாதங்களுக்குப் பிறகு செய்த பரிசோதனையின் முடிவு இப்போது கைக்கு வந்துவிட்டது. இனி மறைப்பதால் எனக்குப் பயனில்லை. சொல்வதால் பிறருக்குப் பயனுண்டு. எனவே எழுதுகிறேன். எனக்குக் குறட்டை இருந்தது. அதற்குத்தான் அறுவை சிகிச்சை.

சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். இருபது ஆண்டுகளாக என் குடும்பமும் அப்படித்தான் சிரித்தது. மாமியார் வீட்டில் தங்கும் இரவுகளில் என் பாய் மட்டும் தனியே திண்ணைக்குப் போய்விடும். "அரியலூர் சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கிவிட்டது" என்று மச்சான்மார்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். குறட்டை விட்டுத் தூங்குகிறவன் கவலையற்றவன், ஆழ்ந்து உறங்குகிறவன் என்பதுதானே நம் மக்களின் எண்ணம்!

ஆனால் இரவு ஏழு மணி நேரம் படுத்திருந்தும் சுபுஹ் தொழுகைக்கு எழும்போது தலை கனக்கும்; நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும். காலையில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க அமர்ந்தால், அவர்களின் ஓசையே தாலாட்டாகிக் கண் சொக்கும். "ஹஜ்ரத் இரவெல்லாம் தஹஜ்ஜுத் தொழுகிறார் போலும்" என்று ஒரு பெரியவர் என்னைப் புகழ்ந்தார். அந்தப் பொய்யான புகழைத் திருத்தாமல் இருந்தேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பெரம்பலூரிலிருந்து வாரம் ஒருமுறை அரியலூருக்கு வகுப்பு நடத்தச் செல்வது என் வழக்கம். சுமார் 30 கிலோமீட்டர் தொலைவு. ஒரு நாள் மாலை மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்றின் ஒலிப்பான் அலறியபோதுதான் கண் விழித்தேன். வண்டி சாலையை விட்டு இறங்கி மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் லாரிக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்திருக்கும். வல்ல நாயன் காப்பாற்றினான்.

அன்றிரவு என் மனைவி அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்: "நீங்கள் குறட்டை விடும்போது எனக்குப் பயமில்லைங்க. அது திடீரென்று நின்றுபோகுமே, அப்போதுதான் பயம். மூச்சு வருகிறதா என்று நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன். மறுபடி சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வரும்." இத்தனை ஆண்டுகளாக இரவுதோறும் அவர் எனக்குக் காவல் இருந்திருக்கிறார். நானோ அவர் தூக்கத்தைக் கெடுத்ததற்காகக் கூட வருந்தியதில்லை.

உறக்கத்தில் நடப்பது என்ன?

திருச்சியில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றோம். ஓர் இரவு முழுவதும் உடலில் பல கம்பிகளைப் பொருத்தி என் உறக்கத்தைப் பதிவு செய்தார்கள். மறுநாள் மருத்துவர் அதை எளிமையாக விளக்கினார்.

நாம் உறங்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் தளர்கின்றன. டான்சில் பெருத்தவர்களுக்கும், கழுத்தில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கும், மெல்லண்ணமும் உள்நாக்கும் தடித்துத் தொங்குபவர்களுக்கும் மூச்சு செல்லும் பாதை அப்போது குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று புகும்போது சதை அதிர்ந்து எழும் ஒலிதான் குறட்டை. பாதை முழுவதும் அடைபட்டால் மூச்சே நின்றுவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, மூளை திடுக்கிட்டு உடலை உசுப்புகிறது, மனிதன் ஒரு கணம் அரைகுறையாக விழித்து மூச்சு வாங்குகிறான், மீண்டும் உறங்குகிறான். காலையில் அவனுக்கு எதுவும் நினைவிருப்பதில்லை.

10 விநாடிகளோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை ஒரு தடவையாகக் கணக்கிடுகிறார்கள். மூச்சு முழுதும் நிற்காமல் வெகுவாகக் குறைவதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மணிக்கு 5 தடவைக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமையானது. எனக்கு மணிக்கு 38 தடவை! ஆறு மணி நேர உறக்கத்தில் இருநூறு தடவைக்கு மேல் யாரோ என் கழுத்தைப் பிடித்து நெரிப்பது போலத்தான். இப்படிப்பட்டவன் காலையில் எவ்வாறு தெளிவாக இருப்பான்?

உறக்கத்தைச் சிறு மரணம் என்றும், விழிப்பை மீண்டும் உயிர்ப்பிக்கப்படுவது என்றும் எண்ணி இறைவனைப் புகழ நாம் கற்பிக்கப்பட்டிருக்கிறோம். காலையில் ஒரு தடவை அந்தப் புகழுரையை ஓதி வந்தேன். இரவுதோறும் எத்தனை தடவை அதற்குக் கடன்பட்டிருந்தேன் என்பது அன்றுதான் புரிந்தது.

இதை அற்ப நோய் என்று எண்ண வேண்டாம். இரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்புண்டு. உலகில் 30 முதல் 69 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 93 கோடிப் பேருக்கு இக்குறை ஏதேனும் ஓர் அளவில் இருக்கலாம் என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இந்தித் திரையிசை அமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் தமது 69ஆம் வயதில் காலமானபோது, அவருக்கு உறக்கத்தில் மூச்சடைக்கும் இந்நோயும் அடிக்கடி நெஞ்சுத் தொற்றும் இருந்ததாக மருத்துவர்கள் தெரிவித்தார்கள். அதன் பிறகுதான் நம் நாட்டில் பலர் இந்நோயின் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

கருவியா, கத்தியா?

"உடனே அறுவை சிகிச்சை செய்துவிடலாமா?" என்று கேட்டேன். மருத்துவர் தலையசைத்து மறுத்தார். முதலில் செய்ய வேண்டியவை உடல் எடையைக் குறைப்பதும், சி-பேப் என்னும் கருவியைப் பயன்படுத்துவதும்தான் என்றார்.

இந்தக் கருவியின் வரலாறு சுவையானது. 1980ஆம் ஆண்டு வரை கடுமையான நோயாளிக்கு மருத்துவர்களிடமிருந்த உறுதியான வழி, கழுத்தில் துளையிட்டு மூச்சுவிடச் செய்வதுதான். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்திப் பார்த்தார். அடைபட்ட பாதை திறந்துகொண்டது. 1981இல் அவர் அதை மருத்துவ உலகுக்கு அறிவித்தார். இன்றும் முதன்மையான சிகிச்சை அதுவே.

அதே 1981இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்து ஷிரோ ஃபுஜிதா என்ற மருத்துவர், டான்சில்களையும் உள்நாக்கையும் மெல்லண்ணத்தின் விளிம்பையும் வெட்டிச் சீராக்கும் அறுவை சிகிச்சையை வெளியிட்டார். குறட்டைக்காக இது போன்ற சிகிச்சையை 1964இலேயே ஜப்பானில் இகேமாட்சு என்பவர் செய்து எழுதியிருந்தார். ஆனால் நோயாளியைத் தேர்ந்தெடுக்காமல் எல்லோருக்கும் செய்தால் இச்சிகிச்சை ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் போதிய பயன் தருகிறது. இதை மருத்துவர் மறைக்காமல் சொன்னதே எனக்கு அவர்மீது நம்பிக்கையை ஏற்படுத்திற்று.

மூன்று மாதம் கருவியோடு போராடினேன். முகமூடியை மாட்டினால் மூச்சு முட்டுவது போன்ற அச்சம். நள்ளிரவில் என்னையறியாமல் கழற்றி எறிந்துவிடுவேன். வேறு அளவு முகமூடிகளையும் மாற்றிப் பார்த்தோம். பயனில்லை. பிறகு மயக்கத்தில் ஆழ்த்தி, குழாய் வழியே தொண்டையைப் பார்த்தார்கள். என் டான்சில்கள் மிகப் பெரியவை; அடைப்பு அந்த இடத்தில்தான் நிகழ்கிறது; எனவே அறுவை சிகிச்சை எனக்குப் பலனளிக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது.

ஓர் எழுத்தைப் பற்றிய அச்சம்

"உள்நாக்கையும் எடுப்பீர்களா?" என்று கேட்டேன். "எடுத்தால் என்ன? பேச்சுக்குப் பெரிய பாதிப்பு வராது" என்றார் மருத்துவர். தமிழ் பேசுகிறவனுக்கு அவர் சொன்னது சரி. ஆனால் நான் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவன்.

தஜ்வீத் கற்றவர்களுக்கு என் அச்சம் புரியும். அரபியில் இரண்டு 'காஃப்' எழுத்துகள் உள்ளன. மேலே இரு புள்ளிகள் பெற்ற காஃப், நாவின் அடிப்பகுதி மெல்லண்ணத்தில் உள்நாக்கருகே தொட்டுப் பிறப்பது. மற்ற காஃப் அதற்குச் சற்று முன்னே பிறப்பது. உள்நாக்குக்கு அரபியில் 'லஹாத்' என்று பெயர். அதையொட்டியே இவ்விரண்டையும் 'லஹவிய்யா' எழுத்துகள் என்று நம் முன்னோர் அழைத்தார்கள். முதல் காஃபில் 'கல்ப்' என்றால் இதயம். மற்றதில் சொன்னால் நாய். முதல் காஃபில் 'குல்' என்றால் 'சொல்வீராக'. மற்றதில் 'உண்பீராக' என்று பொருள் மாறிவிடும். பத்தொன்பது ஆண்டுகளாக இந்த வேறுபாட்டைத்தான் பிள்ளைகளின் தொண்டையில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த எழுத்து என் தொண்டையிலேயே அழிந்துவிட்டால்?

இதை மருத்துவரிடம் சொல்லத் தயங்கினேன். உயிர்போகும் காரியத்தில் ஓர் எழுத்தைப் பற்றிக் கவலைப்படுகிறாரே என்று எண்ணுவாரோ? கடைசியில் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஓதச் சொன்னார். 'இக்லாஸ்' அத்தியாயத்தை ஓதினேன். வாயைத் திறக்கச் சொல்லி, அந்த எழுத்தை மட்டும் மீண்டும் மீண்டும் உச்சரிக்கச் செய்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு சொன்னார்: "நல்லவேளை, முன்பே சொன்னீர்கள் ஐயா. பாடகர்களிடம் இதைக் கேட்பேன். உங்களிடம் கேட்கத் தோன்றவில்லை."

மெல்லண்ணத்தை வெட்டி எடுப்பதற்குப் பதிலாக, தொண்டையின் பக்கத் தசையை இடம் மாற்றித் தைத்துப் பாதையை அகலமாக்கும் ஒரு முறை உண்டு. 2007இல் சிங்கப்பூர் மருத்துவர் கென்னி பாங், அமெரிக்க மருத்துவர் டக்கர் உட்சன் ஆகியோர் வெளியிட்டது. அந்த முறையையே எனக்குத் தேர்ந்தெடுத்தார். டான்சில்களை அகற்றுவது, தசையை இடம் மாற்றித் தைப்பது, உள்நாக்கில் நீண்டு தொங்கும் நுனியை மட்டும் குறைப்பது என்று முடிவாயிற்று. "எழுத்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாது; முயற்சி செய்கிறேன்" என்றார். முயற்சி மனிதனுடையது; முடிவு இறைவனுடையது. கையெழுத்திட்டேன்.

மீண்ட நாட்கள்

இச்சிகிச்சைக்குச் செல்ல இருப்பவர்களுக்காக, பட்டதை உள்ளபடி எழுதுகிறேன்.

முதல் இரவு என்னைத் தீவிரக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். மயக்க மருந்தின் மிச்சமும் தொண்டை வீக்கமும் சேர்ந்து மூச்சை அடைக்கக்கூடும் என்பதால் இக்கவனம். இந்நோய் உள்ளவர்கள் வேறு எந்த அறுவை சிகிச்சைக்குச் சென்றாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இதைத் தெரிவித்துவிட வேண்டும். தூக்க மாத்திரையைத் தாமாக விழுங்கவே கூடாது.

இரண்டாம் நாள் முதல் வலி. எச்சிலை விழுங்குவது முள்ளை விழுங்குவது போலிருந்தது. தொண்டையில் புண், ஆனால் வலி காதில் குத்தும். அது இயல்பே என்றார்கள். தண்ணீர் குடித்தால் சில நாட்கள் மூக்கு வழியே திரும்பி வந்தது. தொண்டையில் வெள்ளையும் மஞ்சளுமாகப் படிந்ததைக் கண்ணாடியில் கண்டு சீழ் என்று பயந்தேன். அது புண் ஆறும்போது படியும் ஏடு. சுரண்டவோ பலமாகக் கொப்பளிக்கவோ கூடாது. எனவே உளூச் செய்யும்போது தொண்டைவரை நீரைச் செலுத்தாமல் வாயை மட்டும் மெல்ல நனைத்தேன். குனிந்து சிரமப்பட வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதால் முதல் பத்து நாட்கள் அமர்ந்தே தொழுதேன். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையின் அருமை, அதைப் பெறும்போதுதான் தெரிகிறது.

உணவு? மிளகாயும் இஞ்சியும் சேர்க்காமல் காய்ச்சி, வடிகட்டி, நன்றாக ஆறவைத்த நோன்புக் கஞ்சி! ஷவ்வாலில் நான் மட்டும் ரமலானை நீட்டித்துக்கொண்டிருந்தேன். குளிர்ந்த பாலும் இளநீரும் துணை நின்றன. பேசக்கூடாது என்பதால் பலகையில் எழுதிக் காட்டுவேன்.

ஏழாம் நாள் இரவு எச்சிலில் இரத்தம் கண்டது. ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் ஏடு உதிரும்போது இப்படி நேரலாம். நேர்ந்தால் காத்திராமல் வந்துவிட வேண்டும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். நள்ளிரவில் காரில் திருச்சிக்கு விரைந்தோம். ஓரிரவு வைத்துப் பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், தானாகவே நின்றது. மூன்றாவது வாரத்தில் வலி விலகியது. ஒரு நாள் காலை பாங்கு ஒலிக்குமுன்னரே கண் விழித்தேன். தலை கனக்கவில்லை. நாக்கு வறளவில்லை. பக்கத்தில் என் மனைவி அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப மனம் வரவில்லை. பாங்கு சொல்லும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நான் செய்த தவறு

சிகிச்சைக்குப் பல மாதங்களுக்கு முன், என் உறக்கத்தைப் பதிவு செய்த மறுநாள், மருத்துவர் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார்: "பிள்ளைகளுக்கும் இது வரும். வாயைத் திறந்தபடி தூங்குவார்கள், இரவில் வியர்க்கும், படுக்கையை நனைப்பார்கள், பகலில் கவனம் இருக்காது. பெரும்பாலும் டான்சிலும், மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதையும்தான் காரணம்."

எனக்குச் சுருக்கென்றது. என் வகுப்பில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். ஓதும்போதே தலை சாய்ந்துவிடுவான். 'தூங்குமூஞ்சி' என்று அவனுக்குப் பட்டம் சூட்டியவன் நான்தான். எத்தனையோ நாள் எழுந்து நிற்கச் செய்திருக்கிறேன். அவன் நின்றுகொண்டிருந்த அதே நேரத்தில் நான் நாற்காலியில் அமர்ந்து கண்ணயர்ந்ததும் உண்டு. எனக்குத் தஹஜ்ஜுத் தொழுபவர் என்ற பெயர். அவனுக்குத் தூங்குமூஞ்சி என்ற பெயர். நோய் இருவருக்கும் ஒன்றே!

அன்று மாலையே அவன் வீட்டுக்குச் சென்றேன். தந்தை சிமெண்ட் லாரி ஓட்டுநர், வெளியூர் போயிருந்தார். தாயாரிடம் கேட்டேன். மருத்துவர் சொன்ன அத்தனை அடையாளங்களும் இருந்தன. "படுக்கையை நனைக்கிறான் என்று நானும் அடித்திருக்கிறேன் ஹஜ்ரத்" என்று அழுதார். பிள்ளையை மருத்துவரிடம் காட்டினார்கள். டான்சிலையும் அடினாய்டையும் அகற்றிய பிறகு அவன் வேறு பிள்ளையாகிவிட்டான். குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சையே பெரும்பாலும் முதல் வழியாகிறது.

ஆறு வாரம் கழித்து நான் வகுப்புக்குத் திரும்பிய முதல் நாள், பிள்ளைகள் முன்னிலையில் இக்லாஸ் அத்தியாயத்தைத் தொடங்கினேன். முதல் எழுத்தே நழுவியது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அந்தச் சிறுவன் மட்டும் கையை உயர்த்தினான்.

"ஹஜ்ரத், 'சாப்பிடுங்கள்' என்று ஆகிவிட்டது."

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். முன்பு உறங்கிக் கிடந்த செவி இன்று ஓர் எழுத்தின் பிழையைப் பிடிக்கிறதே என்று என் கண் கலங்கியது. அவனை அருகே அழைத்து, எல்லோரும் கேட்க அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல் வகுப்பு முடிந்ததும் அவன் என் எதிரில் அமர்ந்து கேட்பான். நான் அந்த எழுத்தைப் பழகுவேன். மூன்றாவது மாதத்தில் காஃப் தன் இடத்துக்குத் திரும்பியது. முன்பிருந்த அதே கனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொருள் மாறாத காஃப்.

நான்கு மாதம் கழித்து மீண்டும் உறக்கப் பரிசோதனை. குறட்டை நின்றாலும் மூச்சடைப்பு ஓசையின்றித் தொடரக்கூடும். எனவே இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. மணிக்கு 38 ஆக இருந்தது 11 ஆகியிருக்கிறது. முற்றிலும் நீங்கவில்லை. இன்னும் ஆறு கிலோ எடை குறைய வேண்டும். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். வலப்புறம் சாய்ந்து உறங்குவது நபி (ஸல்) அவர்களின் வழக்கம் என்று பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்த நான்தான் இத்தனை காலம் மல்லாந்து படுத்திருந்தேன்.

சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டில் யாரேனும் உரக்கக் குறட்டை விட்டு, இடையே மூச்சு நின்று, திடுக்கிட்டு மூச்சு வாங்கினால், பகலில் காரணமின்றித் தூங்கி வழிந்தால், அவரைக் கேலி செய்யாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நெடுஞ்சாலையில் லாரியோ வேனோ ஓட்டுகிறவராக இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். பெண்களுக்கும் இந்நோய் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு மிகுதியாகிறது. வெளியில் தெரிந்தால் வெட்கம் என்று நம் தாய்மார்கள் மறைத்துவிடுகிறார்கள். குறட்டை குற்றமன்று, மறைப்பதற்கு. அறுவை சிகிச்சைதான் வழி என்றால், உங்கள் தொழில் என்ன, எதற்கு அஞ்சுகிறீர்கள் என்பதை வெட்கமின்றிச் சொல்லிவிடுங்கள். ஓர் எழுத்தாக இருந்தாலும் சரி.

ஓதிக் கொடுக்கும் என் சக ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வகுப்பில் தூங்கும் பிள்ளையை எழுப்பி நிற்க வைக்குமுன், அவன் இரவில் எப்படி உறங்குகிறான் என்று அவன் தாயாரிடம் ஒருமுறை கேளுங்கள்.